அயாத் அக்தரின் நாடகங்களும் நாவல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடகாசிரியர் அயாத் அக்தரின் நூல்களை நண்பர்களுக்குப் படிக்கக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். நூல் திரும்பி வரும்போது கூடவே ஐயங்களும் வரும். ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்து, நான் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். கதையின் போக்கை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் நான்காம் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, நூலைப் படித்துவிட்டு வரலாம்.

1. யார் இந்த அயாத் அக்தர்? பாகிஸ்தான் எழுத்தாளரா, அமெரிக்க எழுத்தாளரா?

அமெரிக்க எழுத்தாளர். 1970-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரை ஒட்டிய பகுதியில் வளர்ந்தவர். பெற்றோர் இருவரும் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய மருத்துவர்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். இத்தாலியில் போலந்து நாடக மேதை குரோட்டோவ்ஸ்கியிடம் சில காலம் இருந்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட இயக்கம் படித்தார். 2020 முதல் 2023 வரை ‘பென் அமெரிக்கா’ என்னும் எழுத்தாளர் அமைப்பின் தலைவராகவும் இருந்தார்.

இந்தக் கேள்வியை அவரிடமே பலர் கேட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் அவருடைய பாத்திரங்களில் பாதிப்பேர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள்.

2. மொத்தம் என்னென்ன எழுதியிருக்கிறார்?

முதன்மையானவற்றை மட்டும் சொல்கிறேன். நாவல்கள் இரண்டு: ‘அமெரிக்கன் டெர்விஷ்’ (2012), ‘ஹோம்லேண்ட் எலெஜீஸ்’ (2020). நாடகங்களில் ‘டிஸ்கிரேஸ்ட்’ 2012-இல் சிகாகோவில் முதலில் மேடையேறியது. அதே ஆண்டு நியூயார்க்குக்கு வந்து, 2013-இல் புலிட்சர் பரிசு பெற்று, 2014-இல் நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேயை அடைந்தது. ‘தி இன்விசிபிள் ஹேண்ட்’ 2012-இல் செயின்ட் லூயிஸ் நகரிலும், விரிவாக்கப்பட்ட வடிவில் 2014-இல் நியூயார்க்கிலும் நடந்தது. ‘தி ஹூ அண்ட் தி வாட்’ 2014-இலும், ‘ஜங்க்’ 2016-இலும் கலிபோர்னியாவின் லா ஹோயா அரங்கில் தொடங்கின. ‘மெக்நீல்’ 2024-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் வந்தது.

இவற்றுக்கு முன்பே ‘தி வார் விதின்’ (2005) என்ற திரைப்படத்தின் எழுத்தில் பங்கேற்று, அதில் நடித்தும் இருக்கிறார். அதை விட்டுவிட்டு நூல்களிலிருந்தே தொடங்குவதில் இழப்பொன்றும் இல்லை.

3. நாடகத்தை மேடையில் பார்க்காமல் புத்தகமாகப் படித்தால் விளங்குமா?

அக்தரின் நாடகங்கள் விளங்கும். அவை பேச்சால் நகர்பவை. இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் திருப்பி எடுத்து அவர்மீதே வீசுவதுதான் அவருடைய முறை. ‘டிஸ்கிரேஸ்ட்’ நாடகத்தை ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம், மேடையிலேயே அது ஒன்றரை மணி நேரம்தான், இடைவேளையும் கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை: அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். யார் மௌனமாக இருக்கிறார், யார் மதுக்கோப்பையை நிரப்பிக்கொள்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. முக்கியமான ஒரு குறிப்பைப் பற்றி ஏழாம் கேள்வியில் சொல்கிறேன்.

4. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

நாடகம் படித்துப் பழகியவர்கள் ‘டிஸ்கிரேஸ்ட்’ நாடகத்திலும், நாவல் வாசகர்கள் ‘அமெரிக்கன் டெர்விஷ்’ நாவலிலும் தொடங்கலாம். ‘ஹோம்லேண்ட் எலெஜீஸ்’ தான் அவருடைய மிகச் சிறந்த நூல் என்பது என் எண்ணம், ஆனால் அதை முதலில் படிக்க வேண்டாம். அந்த நாவலின் கதைசொல்லி, தான் முன்பு எழுதிய ஒரு நாடகத்தால் வந்த புகழையும் பழியையும் பற்றிப் பேசுகிறார். அந்த நாடகம் எது என்று தெரிந்து படிப்பவருக்குச் சுவை இரட்டிப்பாகும்.

5. ‘டிஸ்கிரேஸ்ட்’ நாடகத்தின் கதை என்ன?

அமீர் கபூர் நியூயார்க்கின் அப்பர் ஈஸ்ட் சைடில் வசிக்கும் வசதியான வழக்கறிஞர். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த நம்பிக்கையைத் துறந்துவிட்டவர். துறந்துவிட்டதைக் கேட்பவர், கேளாதவர் எல்லாரிடமும் சொல்பவர். மனைவி எமிலி வெள்ளை அமெரிக்கர்; இஸ்லாமியக் கலை மரபின் ஓடு வடிவங்களைத் தன் ஓவியங்களில் பயன்படுத்துபவர். கணவர் வெறுத்து ஒதுக்கியதை மனைவி அழகென்று சுவரில் மாட்டுகிறார் என்பதிலேயே நாடகத்தின் பாதி முரண் அமைந்துவிடுகிறது.

அமீரின் அக்கா மகன் ஒருநாள் வந்து, பயங்கரவாத அமைப்புக்குப் பணம் திரட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இமாமுக்காக நீதிமன்றம் வரும்படி கேட்கிறான். வேண்டா வெறுப்பாகப் போகிறார். நாளிதழ்ச் செய்தியில் அவர் பெயரும் அவருடைய நிறுவனத்தின் பெயரும் வந்துவிடுகின்றன. அங்கிருந்து எல்லாம் சரியத் தொடங்குகிறது. சில மாதங்கள் கழித்து அவர் வீட்டில் ஒரு விருந்து நடக்கிறது. விருந்தினர் இருவர்: யூதரான கலைக் காப்பாளர் ஐசக், அவருடைய மனைவியும் அமீரின் அலுவலகத் தோழியுமான கறுப்பின வழக்கறிஞர் ஜோரி. மேசையில் பன்றி இறைச்சி. நால்வரும் படித்தவர்கள், பண்பட்டவர்கள், சொற்களை எண்ணிப் பேசுபவர்கள். மது உள்ளே போகப் போக எண்ணிக்கை தவறுகிறது. முடிவில் அமீருக்கு வேலையும் மிஞ்சவில்லை, மனைவியும் மிஞ்சவில்லை.

6. முஸ்லிம் ஆள் என்றால் ‘கபூர்’ என்று எப்படிப் பெயர் வரும்? எழுத்தாளர் தப்பு விட்டுவிட்டாரா?

இது நம் பக்கத்து வாசகர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தவறு எழுத்தாளருடையதன்று, பொய் பாத்திரத்தினுடையது. கபூர் என்பது பஞ்சாபி இந்துக் குடும்பப் பெயர் என்பது நமக்கு உடனே உறைக்கிறது, ஆனால் பல அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு நாடகம் அதை எடுத்துச் சொன்ன பிறகே தெரியும். அமீரின் பிறப்புப் பெயர் வேறு. யூதர்கள் நடத்தும் சட்ட நிறுவனத்தில் முன்னேற, அதை மாற்றிக்கொண்டு, தன்னை இந்தியர் என்று எண்ணும்படி விட்டுவிடுகிறார்.

பெற்றோரின் பிறப்பிடத்தையும் இந்தியா என்றே படிவத்தில் எழுதியிருக்கிறார். அப்பா பிறந்தது பிரிவினைக்கு முன், அப்போது அது இந்தியாதானே என்பது அவர் தரப்பு நியாயம். சட்டப்படி பார்த்தால் அந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் மேலதிகாரிகள் தேடுவது வரலாற்றை அன்று. அக்கா மகனும் ஹுசைன் என்ற பெயரை விட்டுவிட்டு ‘ஏப்’ என்று வைத்துக்கொண்டவன்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஒரே உத்தியைக் கையாள்கிறது. இளையவன் பாதியில் திரும்பிவிடுகிறான்.

7. முதல் காட்சியில் அவர் ஏன் கோட்டுப் போட்டுக்கொண்டு கால்சட்டை இல்லாமல் நிற்கிறார்? சிரிப்புக்காகவா?

சிரிப்பும் உண்டு. மேலே இத்தாலியக் கோட்டு, விறைப்பான சட்டை. கீழே உள்ளாடை மட்டும். எமிலி அவரை வரைந்துகொண்டிருக்கிறார், ஓவியத்துக்கு இடுப்புக்கு மேலே போதும். மேடைக் குறிப்பில் ஒரே வரியில் போய்விடும் இந்தத் தோற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டு நாடகத்தைப் படித்தால், நாடகம் முழுவதும் அந்த மனிதர் அப்படியேதான் நிற்கிறார் என்பது தெரியும்: உலகம் பார்க்கும் பாதி கச்சிதம், மறுபாதி அம்மணத்துக்கு அருகில்.

எமிலி எந்த ஓவியத்தை மாதிரியாக வைத்து வரைகிறார் என்பது அதைவிட முக்கியம். ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கஸ் 1650-இல் ரோம் நகரில் வரைந்த ஹுவான் தே பரேஹாவின் உருவப்படம் அது. இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரேஹா மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) வம்சாவளியினர், வெலாஸ்கஸின் உதவியாளர், அதோடு அவருடைய அடிமை. ஆனால் படத்தில் அவர் தோளில் போர்வையும் கழுத்தில் வெள்ளைச் சரிகைப் பட்டியுமாக, பார்ப்பவரை நேருக்கு நேர் அளந்து பார்க்கிறார். பிற்பாடு விடுதலை பெற்றுத் தாமே ஓவியராக வாழ்ந்தவர் அவர்.

முந்தைய இரவு உணவகத்தில் ஒரு பணியாளர் அமீரை மதிக்காமல் நடந்துகொண்டதுதான் எமிலியின் தூண்டுதல்: அந்த ஆள் உன்னைப் பார்த்தான், ஆனால் நீ யார் என்று காணவில்லை என்கிறார். நல்ல எண்ணந்தான். ஆனால் கணவரின் மதிப்பைக் காட்ட நினைத்த மனைவிக்கு மனத்தில் தோன்றியது ஓர் அடிமையின் படம் என்பதை யோசித்துப் பாருங்கள். இறுதிக் காட்சியில், எல்லாம் போன பிறகு, வெறும் வீட்டில் அமீர் அந்த ஓவியத்தின்முன் நிற்பதோடு நாடகம் முடிகிறது. அவர் அதில் யாரைக் காண்கிறார் என்பதை அக்தர் எழுதவில்லை.

8. நேராகவே கேட்கிறேன். இது முஸ்லிம்களுக்கு எதிரான நாடகமா?

இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் விருந்துக் காட்சியில் வரும் ஒரு வாக்குமூலம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலைக் கேட்டபோது, தன்னையறியாமல் ஒரு கணம் பெருமிதம் எழுந்தது என்கிறார் அமீர். அதைச் சொல்பவர் மதநம்பிக்கை உள்ளவர் அல்லர். குர்ஆனை அந்த மேசையிலேயே கடுமையாகத் தாக்கிப் பேசியவர். விமான நிலையங்களில் யாரும் கேட்பதற்கு முன்பே தாமாகச் சென்று ‘என்னைச் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று நிற்பவர். அப்படிப்பட்டவரின் அடிவயிற்றிலும் இது கிடந்தது என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதே நாடகத்தின் வினா.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் குறைத்துச் சொல்லக்கூடாது. பிராட்வே மேடையில் முஸ்லிம் பின்னணியுள்ள ஒருவர் நடுப்பாத்திரமாக வருவதே அரிது. அப்படி வந்தவரும் உள்ளுக்குள் வன்மம் உடையவர், மனைவியை அடிப்பவர் என்றால், ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் பார்வையாளர் ‘நான் நினைத்தது சரிதான்’ என்று வீட்டுக்குப் போவார் என்பது அவர்கள் கவலை. 2015-16 நாடகப் பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறை அரங்குகளில் மிக அதிகமாக மேடையேறிய நாடகம் இது என்பதால் அந்தக் கவலைக்கு எடை உண்டு.

என் தீர்ப்பு: எதிரான நாடகம் அன்று. அதே மேசையில் ஐசக்கும் தம் முகமூடியை இழக்கிறார். ஜோரியும் எமிலியும் தப்பவில்லை. ஒரு சமூகத்துக்கு நற்சான்று எழுதித் தருவது தம் வேலையில்லை என்பது அக்தரின் நிலைப்பாடு. நற்சான்று எழுதப்பட்ட பாத்திரங்களைப் பத்தாம் நிமிடத்தில் மறந்துவிடுகிறோம் என்பதை நாடகம் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

9. சரி, ஆனால் அமீர் எமிலியை அடிப்பது தேவைதானா? அங்கேதான் எனக்கு விட்டுப்போயிற்று.

பலருக்கும் விட்டுப்போகிறது. எனக்கும் முதல் வாசிப்பில் அது மிகையாகவே பட்டது. இரண்டாம் முறை படித்தபோது, அதற்குமுன் வரும் ஒரு சிறு கதையைத் தவறவிட்டிருந்தேன் என்று தெரிந்தது. பள்ளிப் பருவத்தில் அமீருக்கு ரிவ்கா என்ற பெண்மேல் ஈர்ப்பு. அவள் யூதப் பெண் என்றறிந்த தாய், மகனின் முகத்தில் உமிழ்கிறார். மறுநாள் அவன் போய் ரிவ்காவின் முகத்தில் உமிழ்கிறான். பல்லாண்டுகள் கழித்து, விருந்து உடைந்த பிறகு, வளர்ந்த அமீர் ஐசக்கின் முகத்தில் உமிழ்கிறார். அதற்குச் சற்றுப் பின்னால்தான், எமிலிக்கும் ஐசக்குக்கும் இருந்த உறவு உறுதியானதும், அந்த அடி விழுகிறது.

அறிவால் உதறியதை உடல் உதறவில்லை என்பது இந்த வரிசையின் பொருள். ஆனாலும் அடி விழும் வேகமும் அளவும் மேடையில் எமிலியை ஒரு கருவியாக்கிவிடுகின்றன என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. பெண் பாத்திரங்களை அவர் இதைவிட நன்றாக எழுதிய இடம் வேறு.

10. அது எந்த இடம்?

‘தி ஹூ அண்ட் தி வாட்’. அட்லாண்டா நகரில் வாடகைக்கார் நிறுவனம் நடத்தித் தலையெடுத்த அப்சல், மனைவியை இழந்தவர், இரண்டு மகள்களின் தந்தை. மூத்தவள் திருமணம் செய்துகொள்ளாமல் இளையவளுக்குச் செய்ய முடியாது என்ற சிக்கல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. அதற்காக அவர், மகள் ஜரினாவின் பெயரில் இணையத் திருமணத் தளத்தில் தாமே கணக்குத் தொடங்கி, மாப்பிள்ளைகளோடு மகள்போல் எழுதி, நேரில் பூங்காவுக்கு வரச்சொல்லி நேர்காணல் நடத்துகிறார். வந்தவர்களில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய வெள்ளையர் ஈலை.

சிரித்துக்கொண்டே படித்துவந்தால், ஜரினா எழுதும் நாவல் நடுவில் வெடிக்கிறது. நபிகளாரை ஆசையும் தயக்கமும் உள்ள மனிதராகக் கற்பனை செய்து, திரை (ஹிஜாப்) பற்றிய குர்ஆன் வசனம் எந்தச் சூழலில் வந்தது என்று கேட்கும் கையெழுத்துப் படி அது. தந்தை அதைப் படிக்கிறார். மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர், அந்த அன்பு குறையாமலே அவளைத் தள்ளிவைக்கும் காட்சிகள் ‘டிஸ்கிரேஸ்ட்’ விருந்தைவிட எனக்கு வலித்தன. அக்தரின் நாடகங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

11. ‘அமெரிக்கன் டெர்விஷ்’ சிறுவனைப் பற்றியது. சிறுவர்கள் படிக்கலாமா?

பெரியவர்களுக்கான நாவல். 1980-களின் தொடக்கத்தில் மில்வாக்கியில் வாழும் ஹயாத் ஷா என்ற சிறுவனின் வீட்டுக்கு, பாகிஸ்தானில் மணமுறிவு பெற்ற மீனா என்ற அம்மாவின் தோழி, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகனோடு வந்து சேர்கிறார். அழகும் அறிவும் பக்தியும் ஒருங்கே உள்ள அவரிடம் ஹயாத் குர்ஆன் கற்கிறான். அவர்மேல் தான் கொண்டது என்ன உணர்வு என்று அவனுக்குத் தெரியாது. மீனா, அப்பாவின் சக மருத்துவரான யூதர் நேதனை நேசிக்கத் தொடங்கியதும், பொறாமை பக்தியின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது. பையன் மீனாவின் முன்னாள் கணவருக்கு ஒரு தந்தி அனுப்புகிறான். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தத் தந்தியால் கெட்டுப்போகிறது.

நுட்பமான ஓர் இடம்: குர்ஆனை மனப்பாடம் செய்து ஹாபிஸ் ஆகிவிடலாம் என்று இரவு பகலாக உருப்போடும் ஹயாத், அதை ஆங்கில மொழிபெயர்ப்பில் உருப்போடுகிறான். அரபியில் ஓதினால்தான் கணக்கு என்பது தெரியவரும் நேரத்தில் அவன் முகம் போகும் போக்கை ஒரு குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைதான் இப்படி எழுத முடியும். நாவல் தொடங்குவதோ பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில், கூடைப்பந்து ஆட்டத்தின்போது அவன் முதன்முதலாகப் பன்றி இறைச்சியைக் கடிக்கும் இடத்தில். வானம் இடிந்து விழவில்லை. அந்த அமைதியிலிருந்துதான் அவன் தன் பழைய குற்றத்தைச் சொல்லத் தொடங்குகிறான்.

12. பங்குச்சந்தை பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ‘தி இன்விசிபிள் ஹேண்ட்’ புரியுமா?

புரியும், நாடகமே ஒரு வகுப்பறைதான். நிக் பிரைட் என்ற அமெரிக்க வங்கியாளரைப் பாகிஸ்தானில் ஒரு தீவிரவாதக் குழு கடத்துகிறது. ஒரு கோடி டாலர் கேட்கிறார்கள். அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, யாரும் தரப்போவதில்லை. எனவே, பணத்தைச் சந்தையில் ஈட்டித் தருகிறேன் என்று அவரே ஒப்பந்தம் பேசுகிறார். லண்டன் புறநகரான ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த பஷீர் கணினியை இயக்க, நிக் சொல்லித்தர, சிறைக்கொட்டடி வணிகக்கூடமாகிறது. விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி லாபம் பார்ப்பது எப்படி என்பதைப் பஷீர் கற்கும்போது நாமும் கற்றுக்கொள்கிறோம்.

பிறகு பஷீருக்கு ஓர் எண்ணம் பிறக்கிறது: விலை இறங்கும் என்று காத்திருப்பானேன், இறங்கும்படி நாமே ஏதாவது செய்தால் என்ன? துப்பாக்கி கையில் இருப்பவனுக்கு அது எளிது. தலைப்பு ஆடம் ஸ்மித்தின் ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ என்ற சொற்றொடர். சந்தையை நடத்தும் அந்தக் கையில் குண்டும் இருக்கலாம் என்பது நாடகத்தின் குத்தல். தொடக்கக் காட்சியில் விலங்கிடப்பட்ட நிக்கின் கை நகங்களைக் காவலாளி தார் பொறுமையாக வெட்டிவிடுகிறான். உருளைக்கிழங்கு வியாபாரத்தில் வந்த ரூபாயை டாலராக மாற்றிவைக்கும் உபாயத்தை அவனுக்கு நிக் சொல்லித்தந்திருக்கிறார். அந்தச் சின்ன நட்புக்குத் தார் கொடுக்க நேரும் விலை, பின்னால் வரும் பெருந்தொகைகள் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கணக்கை விளக்கிவிடுகிறது.

13. ‘ஜங்க்’ நாடகத்தில் முஸ்லிம் பாத்திரமே மையத்தில் இல்லையே. ஏன் திடீரென்று தடம் மாறினார்?

தடம் மாறவில்லை. முந்தைய விடையைப் பாருங்கள். அமீரின் வீழ்ச்சியும் பதவி உயர்வு கிடைக்குமா என்ற கேள்வியோடு பின்னியதுதான். மதத்தை எழுதும் எழுத்தாளர் என்று அவரை வரையறுத்தவர்கள் கண்ணுக்கு எப்போதும் மேசைமேல் திறந்து கிடந்த கணக்குப் புத்தகம் படவில்லை. யார் எதை விற்று எதை வாங்கினார், வாங்கியதன் உண்மை விலை என்ன என்பதே அவர் நூல்கள் அனைத்திலும் ஓடும் விசாரணை என்று நான் கருதுகிறேன்.

‘ஜங்க்’ 1985-இல் நடக்கிறது. ராபர்ட் மெர்கின் என்பவர் தரம் குறைந்த, வட்டி மிகுந்த கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டிய பணத்தால் ஓர் எஃகு நிறுவனத்தைக் கைப்பற்ற வழிசெய்கிறார். எளிதாகச் சொன்னால், இன்னொருவர் வீட்டை, அந்த வீட்டையே அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கி, அவரிடமிருந்தே வாங்கிவிட்டு, கடனை அடைக்கக் கதவையும் சன்னலையும் கழற்றி விற்பது போன்றது. இங்கே கதவும் சன்னலும் தொழிலாளர்களின் வேலை. மெர்கினுக்கு மூலம் மைக்கேல் மில்கன் என்ற நிதியாளர். 1990-இல் பத்திரச் சட்டக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றவர். நாடகம் நியூயார்க்கில் நடந்தது 2017-இல். 2020-இல் அதிபர் டிரம்ப் மில்கனுக்கு மன்னிப்பு வழங்கினார். நாடகத்துக்கு வரலாறே எழுதிக்கொடுத்த பின்னுரை என்று இதைச் சொல்லலாம்.

14. ‘ஹோம்லேண்ட் எலெஜீஸ்’ நாவலா, தன்வரலாறா? அவர் அப்பா நிஜமாகவே டிரம்புக்கு வைத்தியம் பார்த்தாரா?

அட்டையில் நாவல் என்றுதான் இருக்கிறது. ஆனால் கதைசொல்லியின் பெயர் அயாத் அக்தர், தொழில் நாடகம் எழுதுவது, புலிட்சர் பெற்றவர், விஸ்கான்சினில் வளர்ந்தவர், பெற்றோர் மருத்துவர்கள். அதில் தந்தை சிக்கந்தர் இதயநோய் வல்லுநர். 1990-களில் டொனால்ட் டிரம்பின் இதயத் துடிப்புச் சிக்கலைப் பார்க்க அழைக்கப்படுகிறார். அந்த ஆடம்பரத்தில் மயங்கியவர், 2016-இல் தம்மைப் போன்றவர்களையே வெளியே நிறுத்துவேன் என்று பேசிய வேட்பாளரை ஆதரிக்கிறார். மகனால் அதைத் தாங்க முடியவில்லை, விளங்கிக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

நடந்ததா என்பதற்கு என் விடை: நாவல் என்று எழுதியிருப்பதை நாவலாகவே படியுங்கள். மருத்துவ நிகழ்ச்சி கற்பனையாகவே இருந்தாலும், ஒரு குடியேறி தன்னை அவமதிக்கும் செல்வந்தனிடம் தன் கனவின் முகத்தைக் காண்பது கற்பனையன்று.

15. அப்படியானால் சொந்தப் பெயரை வைத்தது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

எட்டாம் விடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘டிஸ்கிரேஸ்ட்’ வந்த பிறகு, அமீர் சொன்ன அந்தப் பெருமிதம் உங்களுக்கும் இருந்ததா என்ற கேள்வி தன்னைத் துரத்துவதை நாவலின் கதைசொல்லி சொல்கிறார். பாத்திரத்தின் வாயில் வைத்ததை ஆசிரியரின் நெஞ்சில் தேடும் வழக்கத்துக்கு எதிரான உத்தி இது: என்னைத்தானே தேடுகிறீர்கள், இதோ என் பெயரிலேயே ஒருவரைத் தருகிறேன், இப்போது எது நான் என்று பிரித்துக்காட்டுங்கள் என்கிறார்.

அந்தப் பெயருக்கு அவர் எந்தச் சலுகையும் தரவில்லை என்பது என் மதிப்பைக் கூட்டியது. செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், இரத்ததானம் செய்ய நின்ற வரிசையில் அவமதிக்கப்பட்டு, அச்சத்தில் உடை நனைந்துபோகும் கதைசொல்லி, ஒரு கடையிலிருந்து சிலுவைப் பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சில மாதங்கள் திரிகிறார். பின்னொரு பகுதியில், ரியாஸ் என்ற முஸ்லிம் நிதியாளரின் நட்பால், அம்மா விட்டுச்சென்ற பணத்தை முதலீடு செய்து செல்வராகிறார். அந்தச் செல்வம் எப்படி வந்தது, பள்ளிவாசல் கட்டவிடாத ஊர்களின் நகராட்சிகளுக்கு ரியாஸ் என்ன கடனை விற்றார் என்பது பின்னால் தெரியவருகிறது. தெரிந்த பிறகும் பணம் அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் தம் பெயரில் இதை எழுதுவாரா?

16. ‘மெக்நீல்’ செயற்கை நுண்ணறிவைப் பற்றியதாமே? படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் கடைசியாக. ஜேக்கப் மெக்நீல் நோபல் பரிசு பெறும் அமெரிக்க நாவலாசிரியர்; குடியால் ஈரல் கெட்டவர்; பிறர் வாழ்க்கையையும் எழுத்தையும் கூசாமல் எடுத்துப் பயன்படுத்தியவர். அவர் உரையாடும் இயந்திரமும் அதையே செய்கிறது. மனிதர் செய்தால் படைப்பு, இயந்திரம் செய்தால் திருட்டா என்பது நல்ல கேள்வி. மேடையில் ராபர்ட் டவுனி ஜூனியர் நடித்ததால் பெருங்கூட்டம் வந்தது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் பழைய வேகம் இதில் இல்லை என்பது என் குறை.

17. இவ்வளவு குறை சொல்கிறாரே, அமெரிக்கா பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாமே?

இதைக் கேட்ட நண்பர் சண்டைக்காகக் கேட்கவில்லை. அவருடைய மகன் அங்கே இருக்கிறான். ‘ஹோம்லேண்ட் எலெஜீஸ்’ நாவலின் முன்னுரைப் பகுதியில் ஒரு பேராசிரியர், அமெரிக்கா ஒரு காலனியாகத் தொடங்கியது, இன்றும் காலனியாகவே இருக்கிறது, இங்கே முதலில் வருவது கொள்ளையும் செல்வச் சேர்க்கையும்தான் என்று வகுப்பில் சொல்கிறார். அதன்பின் வரும் பக்கங்களெல்லாம் அந்த வாக்கியத்தின் பொழிப்புரை போலத்தான் இருக்கின்றன. தந்தை சிக்கந்தரே, மருத்துவப் பிழை வழக்கொன்றில் சிக்கி, சூதில் பணம் இழந்து, தாம் அவ்வளவு நேசித்த நாட்டை விட்டுப் பாகிஸ்தானுக்குத் திரும்பிவிடுகிறார்.

நாவலின் முடிவுரையில், ஒரு கல்லூரிக் கூட்டத்தில், உங்கள் கேள்வியையே கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கதைசொல்லியிடம் கேட்கிறார். அவர் கோபப்படவில்லை, வாதாடவும் இல்லை. நான் இங்கே பிறந்தேன், இங்கேதான் வளர்ந்தேன், நல்லதோ கெட்டதோ என் வாழ்க்கை முழுவதும் இங்கேதான், வேறெங்கும் இருக்க எனக்கு விருப்பமில்லை, இது என் வீடு என்ற பொருளில் சில வரிகள் சொல்கிறார். நாவல் அங்கே முடிகிறது. நண்பருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன்; புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.